கூட்டரசின் சிற்பி ஜேம்ஸ் மேடிசன்

பல மாநிலங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நாடாக வாழும்போது ஒரு கேள்வி தவறாமல் எழும். எந்த அதிகாரம் மத்திய அரசாங்கத்திடம் இருக்க வேண்டும்? எந்த அதிகாரம் மாநிலங்களிடம் இருக்க வேண்டும்? மத்திய அரசாங்கத்தின் கை மிகவும் ஓங்கினால் மாநிலங்கள் தம் உரிமைகளை இழக்கும். மாநிலங்களின் கை மிகவும் ஓங்கினால் நாடே சிதறிப்போகும். இக்கேள்விக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் ஜேம்ஸ் மேடிசன். அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் தந்தை எனப் போற்றப்படும் அவர், அந்நாட்டின் நான்காவது அதிபராகவும் விளங்கினார்.

மேடிசன் 1751ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் வெர்ஜீனியாவில் பிறந்தார். அக்காலத்தில் வெர்ஜீனியா, பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்றநாடாக இருந்தது. அவருடைய தந்தையார் பெருநிலக்கிழார். மோண்ட்பெலியர் எனும் அவர்களது தோட்டத்தில் அடிமைகள் பாடுபட்டனர். பன்னிரண்டு பிள்ளைகளுள் மூத்தவரான மேடிசன், மெலிந்த உடலும் மெல்லிய குரலும் உடையவர். அவர் உயரம் ஏறத்தாழ ஐந்தடி நான்கு அங்குலமே. அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் போர்க்களத்தில் வாளேந்தும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால், புத்தகம் ஏந்திய கை அவருடையது. இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என அழைக்கப்படும் நியூ ஜெர்சி கல்லூரியில் 1769ஆம் ஆண்டு சேர்ந்த அவர், இரண்டே ஆண்டுகளில் பட்டப்படிப்பை முடித்தார்.

1776ஆம் ஆண்டு பதின்மூன்று குடியேற்றநாடுகள் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றதாக அறிவித்தன. அவை ஒவ்வொன்றும் தனி மாநிலமாயின. அவற்றை இணைக்க ஓர் உடன்படிக்கை உருவானது. 1781ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அந்த உடன்படிக்கையின்படி, எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாகப் பேரவை ஒன்று இயங்கியது. தொலைவிலிருந்த மன்னரின் கொடுமையைப் பட்டறிந்திருந்த மக்கள், இன்னொரு வலிமையான அரசாங்கத்தை ஏற்க அஞ்சினர். எனவே, பேரவைக்கு மிகக் குறைந்த அதிகாரமே வழங்கினர். அதனால் வரி விதிக்க இயலாது. மாநிலங்களிடம் பணம் கேட்க மட்டுமே இயலும். உடன்படிக்கையில் ஒரு விதியைத் திருத்த வேண்டுமானாலும் பதின்மூன்று மாநிலங்களும் இசைய வேண்டும்.

1780ஆம் ஆண்டு அப்பேரவைக்கு உறுப்பினராகச் சென்ற மேடிசன், இந்த ஏற்பாட்டின் குறைகளை நேரில் கண்டார். கேட்ட பணத்தை மாநிலங்கள் முழுமையாகக் கொடுத்ததே இல்லை. போரில் வாங்கிய கடன் மலைபோல் குவிந்தது. இறக்குமதிப் பொருள்களுக்கு ஐந்து விழுக்காடு வரி விதிக்கும் உரிமையைப் பேரவைக்கு வழங்கலாம் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. மாநிலங்களுள் மிகச் சிறியதான ரோட் ஐலண்ட் மறுத்தது. திட்டம் அதோடு நின்றுபோனது. 1783ஆம் ஆண்டு, சம்பளம் கிடைக்காத படைவீரர்கள் பிலடெல்பியாவில் பேரவை கூடிய கட்டடத்தைத் துப்பாக்கிகளுடன் சூழ்ந்துகொண்டனர். பேரவை உறுப்பினர்கள் நகரைவிட்டே வெளியேற நேர்ந்தது. தன் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கவோ, தன்னைத்தானே காத்துக்கொள்ளவோ முடியாத அரசாங்கம் எத்தனை நாள் நிலைக்கும் என்ற கவலை மேடிசனை வாட்டியது.

கவலைப்பட்டுக்கொண்டே அவர் சும்மா இருந்துவிடவில்லை. அப்போது பாரிஸ் நகரில் தூதராக இருந்த அவருடைய நண்பர் தாமஸ் ஜெபர்சன், பெட்டி பெட்டியாகப் புத்தகங்களை அனுப்பி வைத்தார். மோண்ட்பெலியரில் அமர்ந்து மேடிசன் அவற்றை ஆழ்ந்து படித்தார். பண்டைய கிரேக்க நகரங்களின் கூட்டமைப்புகள், சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, செர்மானிய நாடுகள் ஆகியவற்றின் வரலாற்றை ஆராய்ந்து குறிப்பெடுத்தார். பல கூட்டமைப்புகள் ஒரே நோயால் நலிந்ததை அவர் கண்டறிந்தார். நடுவண் அமைப்பு வலுவிழந்திருந்தது, உறுப்பு நாடுகள் அதன் சொல்லைக் கேட்கவில்லை, தமக்குள்ளே சண்டையிட்டன, அந்நியர் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டனர். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது அந்த நாடுகளின் கதையாக இருந்தது.

1786ஆம் ஆண்டு அனாபொலிஸ் நகரில் மாநிலங்களின் வாணிகச் சிக்கல்களைப் பேச ஒரு கூட்டம் நடைபெற்றது. ஐந்து மாநிலங்களே பேராளர்களை அனுப்பின. வந்திருந்த மேடிசனும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் மற்றவர்களும் மனந்தளரவில்லை. மறு ஆண்டு எல்லா மாநிலங்களும் பிலடெல்பியாவில் கூட வேண்டும் என்று அழைப்பு விடுத்தனர். இதற்கிடையில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் கடனில் மூழ்கிய உழவர்கள் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்கப் பேரவையால் உதவ முடியவில்லை. இந்நிகழ்ச்சி, அதுவரை தயங்கிக்கொண்டிருந்த பலரையும் சிந்திக்க வைத்தது.

1787ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியா மாநாடு தொடங்கியது. ரோட் ஐலண்டைத் தவிர மற்றப் பன்னிரண்டு மாநிலங்களிலிருந்து 55 பேராளர்கள் கலந்துகொண்டனர். ஜார்ஜ் வாஷிங்டன் தலைமை தாங்கினார். மேடிசன் பல நாள்களுக்கு முன்பே வந்து, புதிய அரசாங்கத்திற்கான திட்டத்தை வகுத்திருந்தார். வெர்ஜீனியாவின் பெயரால் அது மாநாட்டில் படிக்கப்பட்டது. மேலும், யார் என்ன பேசினார் என்பதை அவர் நாள்தோறும் குறித்து வைத்தார். அம்மாநாட்டில் நடந்தவற்றை இன்று நாம் விரிவாக அறிந்திருப்பதற்கு அந்தக் குறிப்புகளே பெருங்காரணம்.

மேடிசன் விரும்பிய மத்திய அரசாங்கம் மிகவும் வலிமை வாய்ந்தது. நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளிலும் மக்கள்தொகைக்கு ஏற்ப இடங்கள் அமைய வேண்டும் என்றார். மாநிலங்கள் இயற்றும் சட்டங்களை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திற்கு வேண்டும் என்றும் வாதிட்டார். இதைக் கேட்ட சிறிய மாநிலங்கள் பதறின. மக்கள்தொகை ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் வெர்ஜீனியா போன்ற பெரிய மாநிலங்கள் தம்மை விழுங்கிவிடும் என அவை அஞ்சின. நியூ ஜெர்சி மாநிலத்தின் பேராளர் வில்லியம் பேட்டர்சன் மாற்றுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன்படி ஒவ்வொரு மாநிலத்திற்கும் சமமான வாக்கு உண்டு. மாநாடு முறிந்துபோகும் நிலை ஏற்பட்டது.

இறுதியில் ஜூலை 16ஆம் நாள் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. மக்களவையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடங்கள். மேலவையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் சமமான வாக்கு. ஐந்து மாநிலங்கள் இதை ஆதரித்தன, நான்கு எதிர்த்தன. எதிர்த்தவற்றுள் மேடிசனின் வெர்ஜீனியாவும் ஒன்று. மாநிலச் சட்டங்களை நாடாளுமன்றம் நீக்கலாம் என்ற அவருடைய கருத்தும் தோற்றது. அதற்கு மாறாக, அரசமைப்புச் சட்டமே நாட்டின் தலையாய சட்டம் என்றும், மாநில நீதிபதிகளும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள் என்றும் விதிக்கப்பட்டது. இதனால் மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வழக்கைத் தீர்க்கும் பொறுப்பு நீதிமன்றங்களைச் சார்ந்தது.

தாம் பெரிதும் நம்பிய இரண்டு கருத்துகள் தோற்றபோதும் மேடிசன் மாநாட்டைவிட்டு வெளியேறவில்லை. செப்டம்பர் 17ஆம் நாள் கையொப்பமிட்ட 39 பேருள் அவரும் ஒருவர். ஆனால், சட்டம் நடைமுறைக்கு வர ஒன்பது மாநிலங்களாவது அதை ஏற்க வேண்டும். அதற்கு ஆதரவு திரட்ட, ஹாமில்டன், ஜான் ஜே ஆகியோருடன் சேர்ந்து புனைபெயரில் கட்டுரைகள் எழுதினார். மொத்தம் 85 கட்டுரைகள் வெளிவந்தன. பெரிய நாட்டில் குடியாட்சி நிலைக்காது என்று அக்காலத்தில் பலர் நம்பினர். மேடிசனோ அதை மறுத்தார். சிறிய நிலப்பரப்பில் ஒரே கூட்டத்தார் எளிதில் பெரும்பான்மை பெற்று மற்றவரை ஒடுக்கலாம்; பரந்த நாட்டிலோ பலவகைத் தொழில்களும் சமயங்களும் நலன்களும் இருப்பதால் எந்த ஒரு கூட்டமும் தனித்து ஆதிக்கம் செலுத்துவது கடினம் என விளக்கினார். மற்றொரு கட்டுரையில், புதிய அரசாங்கம் முழுமையாக ஒற்றை நாட்டின் அரசாங்கமும் அன்று, முழுமையாக மாநிலங்களின் கூட்டணியும் அன்று. இரண்டும் கலந்த ஒன்று என எடுத்துரைத்தார். மாநாட்டில் தாம் எதிர்த்த ஏற்பாட்டின் நன்மையை, அவரே மக்களுக்கு விளக்கினார்.

1788ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெர்ஜீனியாவில் இச்சட்டம் விவாதிக்கப்பட்டது. சொல்வன்மையில் சிறந்த பேட்ரிக் ஹென்றி அதைக் கடுமையாக எதிர்த்தார். மக்களின் உரிமைகளைப் பட்டியலிடாத சட்டம், வலிமையான அரசாங்கத்தின் கையில் ஆபத்தாக முடியும் என்று அவர் எச்சரித்தார். மேடிசனின் மெல்லிய குரல் பின்வரிசைகளுக்கு எட்டவில்லை. எனினும், ஒவ்வொரு விதிக்கும் அவர் பொறுமையாக விளக்கம் தந்தார். 89 வாக்குகளுக்கு 79 என்ற கணக்கில் வெர்ஜீனியா சட்டத்தை ஏற்றது.

அடுத்து, முதல் நாடாளுமன்றத்தின் மக்களவைக்கு அவர் போட்டியிட்டார். எதிர்த்து நின்றவர் அவருடைய நண்பர் ஜேம்ஸ் மன்றோ. இருவரும் ஒன்றாகவே ஊர் ஊராகச் சென்று மக்கள் முன்னிலையில் வாதிட்டனர். கடுங்குளிரில் நடந்த கூட்டம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில் மேடிசனின் மூக்கு உறைபனியால் புண்பட்டது. அரசியலில் மோதிக்கொண்டாலும் அவர்களின் நட்பு முறியவில்லை. உரிமைகளின் பட்டியலைச் சட்டத்தில் சேர்ப்பதாக வாக்காளர்களுக்கு உறுதியளித்து மேடிசன் வென்றார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். 1789ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் திருத்தங்களை நாடாளுமன்றத்தில் முன்மொழிந்தார். அவற்றிலிருந்து உருவான பத்துத் திருத்தங்கள் 1791ஆம் ஆண்டு சட்டமாயின. பேச்சுரிமை, சமய உரிமை, நேர்மையான விசாரணை பெறும் உரிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். மத்திய அரசாங்கத்திற்கு அளிக்கப்படாத, மாநிலங்களுக்கும் தடைசெய்யப்படாத அதிகாரங்கள் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை எனப் பத்தாவது திருத்தம் வரையறுத்தது. எதிர்த்தவர்களின் அச்சத்தில் நியாயம் இருப்பதை ஏற்று, அதற்குச் சட்டத்திலேயே இடம் தந்தது மேடிசனின் பெருந்தன்மை.

இதன்பின் அவருடைய பாதை சற்றே திரும்பியது. நிதிச் செயலாளரான ஹாமில்டன் 1791ஆம் ஆண்டு தேசிய வங்கி ஒன்றை நிறுவ முனைந்தார். வங்கி தொடங்கும் அதிகாரத்தை அரசமைப்புச் சட்டம் எங்கும் வழங்கவில்லை என்று மேடிசன் எதிர்த்தார். ஒன்றாகக் கட்டுரை எழுதிய நண்பர்கள் எதிரெதிர் அணியினராயினர். 1798ஆம் ஆண்டு அரசாங்கத்தைக் குறைகூறி எழுதுவோரைச் சிறையிலடைக்கும் சட்டம் இயற்றப்பட்டது. செய்தித்தாள் ஆசிரியர்கள் தண்டிக்கப்பட்டனர். அதைக் கண்டித்து வெர்ஜீனியா சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை எழுதியவர் மேடிசனே. மத்திய அரசாங்கம் வரம்பு மீறும்போது அதைத் தட்டிக்கேட்கும் கடமை மாநிலங்களுக்கு உண்டு என்பது அத்தீர்மானத்தின் சாரம்.

ஒரு காலத்தில் மாநிலச் சட்டங்களை நீக்கும் அதிகாரத்தையே கேட்டவர், இப்போது மாநிலங்களின் பக்கம் நிற்கிறாரே எனப் பலர் வியந்தனர். சிலர் அவரைக் கொள்கை மாறியவர் எனவும் ஏசினர். தராசில் ஒரு தட்டு தாழும்போது, மறுதட்டில் எடை சேர்ப்பவரே அதைச் சமன் செய்ய முடியும். 1787ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கத்தின் தட்டு வெறுமையாக இருந்தது. 1798ஆம் ஆண்டில் அது அளவுக்கு மீறித் தாழ்ந்தது. மேடிசன் நின்ற இடம் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம்.

1809ஆம் ஆண்டு மேடிசன் அதிபர் பதவியேற்றார். 1812ஆம் ஆண்டு பிரிட்டனுடன் போர் மூண்டது. அப்போது, கூட்டரசின் பலவீனங்கள் அனைத்தும் அவர் தலைமேல் வந்து விழுந்தன. தேசிய வங்கியின் உரிமம் முந்தைய ஆண்டே காலாவதியாகியிருந்ததால் போருக்குக் கடன் திரட்டுவது பெரும்பாடாயிற்று. மசாசூசெட்ஸ், கனெக்டிகட் மாநிலங்களின் ஆளுநர்கள், தங்கள் மாநிலப் படைகளை அனுப்ப மறுத்தனர். 1814ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் பிரிட்டிஷ் படையினர் தலைநகர் வாஷிங்டனுக்குள் புகுந்து, அதிபர் மாளிகைக்கும் நாடாளுமன்றக் கட்டடத்திற்கும் தீ வைத்தனர். அவர்கள் வருவதற்குச் சற்றுமுன் மேடிசனின் துணைவியார் டோலி, வாஷிங்டனின் ஓவியத்தை அகற்றிக் காப்பாற்றச் செய்தார்.

அவ்வாண்டு இறுதியில், போரை எதிர்த்த வடகிழக்கு மாநிலங்களின் பேராளர்கள் ஹார்ட்ஃபோர்டு நகரில் கூடினர். நாட்டைவிட்டுப் பிரிவது பற்றியும் அங்குச் சிலர் பேசலாயினர். செய்தித்தாள்கள் அதிபரை நாள்தோறும் தூற்றின. எனினும், தாம் முன்பு எதிர்த்ததுபோன்ற அடக்குமுறைச் சட்டத்தை மேடிசன் கொண்டுவரவில்லை. எழுதியவர் எவரையும் அதற்காகச் சிறையில் தள்ளவுமில்லை. பதவியில் இல்லாதபோது பேசிய கொள்கையைப் பதவியில் இருக்கும்போதும் கடைப்பிடித்தார்.

போர் தந்த பாடத்தையும் அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. நாட்டுக்குப் பயன்பட்டதையும் மக்கள் நெடுங்காலம் ஏற்றுக்கொண்டதையும் கருத்தில்கொண்டு, 1816ஆம் ஆண்டு இரண்டாவது தேசிய வங்கிக்கு ஒப்புதல் அளித்தார். ஆனால், 1817ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள், சாலைகளும் கால்வாய்களும் அமைக்கும் மசோதாவுக்கு ஒப்புதல் தர மறுத்தார். சாலைகள் தேவை என்பதில் அவருக்கு ஐயமில்லை. சட்டம் தராத அதிகாரத்தை அரசாங்கம் தானே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டுமானால் முறைப்படி சட்டத்தைத் திருத்திக்கொள்ளட்டும் என்பதே அவர் நிலை. மறுநாள் அவர் பதவிக்காலம் முடிந்தது.

மோண்ட்பெலியருக்குத் திரும்பிய பின்னும் அக்கேள்வி அவரை விடவில்லை. 1832ஆம் ஆண்டு தென் கரோலைனா மாநிலம், மத்திய அரசாங்கத்தின் இறக்குமதி வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என அறிவித்தது. அதற்கு ஆதரவாக மேடிசனின் 1798ஆம் ஆண்டுத் தீர்மானமே மேற்கோள் காட்டப்பட்டது. எண்பது வயதைக் கடந்து, முடக்குவாதத்தால் விரல்கள் வளையாத நிலையிலும் மேடிசன் மீண்டும் எழுதினார். ஒரு மாநிலம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். மற்ற மாநிலங்களைத் துணைக்கு அழைக்கலாம். தேர்தல் வழியாகவும் சட்டத் திருத்தத்தின் வழியாகவும் தவற்றைத் திருத்தலாம். ஆனால், எல்லாரும் சேர்ந்து இயற்றிய சட்டத்தை ஒரு மாநிலம் தனியாகச் செல்லாததாக்க முடியாது. அப்படிச் செய்தால் கூட்டரசு என்பதே இல்லாமற்போகும் என்று தெளிவுபடுத்தினார்.

மேடிசன் விட்டுச்சென்ற பெருங்குறை ஒன்றும் உண்டு. அடிமைமுறை தீயது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும், நூற்றுக்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். தம் இறுதி உயிலிலும் அவர்களுக்கு விடுதலை வழங்கவில்லை. பிலடெல்பியாவில் மாநிலங்களுக்கு இடையே எட்டப்பட்ட சமநிலை, அடிமைகளாக வாழ்ந்த மக்களின் தோள்மீது நின்றது. மக்களவை இடங்களைக் கணக்கிடும்போது ஐந்து அடிமைகளை மூவராக எண்ணினர். அவர்களுக்கோ வாக்குரிமை இல்லை. அந்த அநீதியைக் காப்பதற்கே பின்னாளில் தென் மாநிலங்கள் மாநில உரிமை எனும் கேடயத்தை ஏந்தின. 1861ஆம் ஆண்டு தொடங்கிய உள்நாட்டுப் போரில் ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 1865ஆம் ஆண்டிலேயே அடிமைமுறை சட்டத் திருத்தத்தின்மூலம் ஒழிக்கப்பட்டது.

1836ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், 85ஆம் வயதில் மேடிசன் இயற்கை எய்தினார். அரசமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டவர்களுள் இறுதிவரை வாழ்ந்தவர் அவரே. மாநாட்டில் அவர் எழுதிய குறிப்புகள் 1840ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. அவர் முன்மொழிந்த திருத்தங்களுள் ஒன்று, இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1992ஆம் ஆண்டில்தான் தேவையான மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றுச் சட்டமானது.

மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான சமநிலை ஒருமுறை எழுதி முடித்துவிடும் கணக்கன்று. காலம் மாறும்போது தட்டுகள் ஏறும், இறங்கும். ஒவ்வொரு தலைமுறையும் அதைக் கண்காணிக்க வேண்டியிருக்கிறது. தோற்றபோதும் சட்டத்திற்குக் கட்டுப்பட்டு, வென்றபோதும் எதிர்த்தவரின் அச்சத்தை மதித்து, அதிகாரம் கையிலிருந்தபோதும் அதன் எல்லையை மறவாமல் வாழ்ந்த மேடிசனின் அரசியல் வாழ்க்கை, அந்தக் கண்காணிப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதைக் காட்டுகிறது. அவர் கவனிக்கத் தவறிய மக்களின் துயரமோ, எந்தச் சமநிலையும் யாரை விட்டுவிட்டு எட்டப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பதை நினைவூட்டுகிறது.